சேற்றுக்குப் பொறுப்பில்லை

எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிப் பக்கத்தில் மிளகாய்க் கன்றைவிட வேகமாக வளர்ந்தது தோட்டக்காரரின் துணிச்சல்தான். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உள்ளே வராதபடி அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்தது. எங்கள் மிளகாய்க்கு ராச மரியாதை. அதுவரை மண்வெட்டியைத் தவிர வேறொன்றையும் கையில் பிடித்தறியாதவர்கள் மணிக்கூடு கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு பழையபடி வெயிலைப் பார்த்தே நேரம் சொன்னார்கள். என்னுடைய அண்ணைக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்தது. அவருக்கு வந்தது மணிக்கூட்டுக் காய்ச்சலல்ல, உழவு மெசின் காய்ச்சல்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அரசாங்கம் சாத்திய அதே கதவுக்கு வெளியேதான் புது உழவு மெசின்களும் நின்றன. மிளகாய் விற்ற காசு பெட்டிக்குள் இருக்க, வாங்குவதற்கு மெசின் இல்லை. இருந்ததெல்லாம் பழசு. யாரோ ஓட்டி, யாரோ உடைத்து, யாரோ கட்டிவைத்த பழசு.

"பழசெண்டால் என்ன, கரண்டியோடை வாங்கினால் சரி," என்றார் அண்ணை.

கரண்டியல்ல, பழுதுக்குப் பொறுப்பேற்கிற காறன்ரி என்று என் கணவர் திருத்தினார். அவர் அரசாங்கக் கச்சேரியில் கோப்பெழுதும் லிகிதர். பிழை கண்டால் திருத்தாமல் விடமாட்டார். திருத்திய பிறகு அதற்குமேல் ஒன்றும் செய்யவும் மாட்டார். அண்ணை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் அது கரண்டிதான். மணிக்கூட்டுக்குக் கரண்டி, வாட்டர்பம்முக்குக் கரண்டி, கலியாணத் தரகர் பேசிவந்த மாப்பிள்ளைக்குக்கூட ஒரு கரண்டி கேட்பார்கள்.

மெசினை அண்ணையும் என் கணவரும் பங்காக வாங்குவதென்று முடிவாயிற்று. மெசினை ஓட்டுவது அண்ணையின் பங்கு. மெசின் சம்பந்தப்பட்ட கடதாசிகளைக் கோப்பில் போட்டுக் கட்டுவது என் கணவரின் பங்கு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் ரீச்சர். என்னையும் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், பெண்பிள்ளை ஒருத்தி கூடவந்தால் விலை பேசுகிறவன் மரியாதையாகப் பேசுவான் என்ற அண்ணையின் கணிப்பு. என்னுடைய கருத்தைக் கேட்கும் எண்ணம் இருவரில் ஒருவருக்கும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மெசின் கொக்குவிலில் இருந்தது. மதில் கட்டிய பெரிய வளவு, பின்பக்கத்தில் வாழைத்தோட்டம், அதற்கும் அப்பால் ரயில் பாதை. வீட்டுக்காரர் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். வெள்ளை வேட்டி, பித்தளைப் பொத்தான் போட்ட சட்டை, எதையும் சொல்வதற்கு முன்பு ஒருதரம் கண்ணை மூடித் திறக்கும் பழக்கம். அந்தக் கண் மூடலில் உலகத்து நாணயம் முழுவதும் அடங்கியிருந்தது. அப்படித்தான் அண்ணைக்குப் பட்டது.

கிடுகுக் கொட்டிலுக்குள் மெசின் சிவப்பாக நின்றது. அப்படி ஒரு சிவப்பை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. பெயின்ற் அடித்தவன் மனம் விட்டு அடித்திருந்தான். துருவின் மேல் அடித்திருந்தான், சேற்றின் மேல் அடித்திருந்தான். இருக்கைக்குக் கீழே குளவி கட்டிய மண்கூடு ஒன்றிருந்தது. அதற்கும் இரண்டு பூச்சு. கலப்பையில் சிக்கியிருந்த அறுகம்புல்லுக்கும் சிவப்பு.

"என்ரை தோட்டத்துக்கெண்டு எடுத்தது. வெளி வேலைக்கு விட்டதே இல்லை. பிள்ளை மாதிரி," என்றார் பென்சன்காரர்.

அண்ணை ரயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை. பிறகு என் கணவரும் உதைத்தார். கச்சேரிச் சப்பாத்துக்கு நொந்திருக்கும், முகத்தைச் சுளித்தார்.

"காலமையிலையிருந்து தொடேல்லை. இப்ப பாருங்கோ, ஒரு அடியிலை எடுக்கும்," என்று சொல்லிப் பென்சன்காரர் ஏறி இருந்து ஸ்ரார்ட் பண்ணினார். உண்மையாகவே ஒரு அடியில் எடுத்தது. அவர் ஏறுவதற்கு முன்பு நான் எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்திருந்தேன். தோசைக்கல் போலச் சுட்டது. நாங்கள் படலையைத் திறப்பதற்குச் சற்று முன்புதான் அது நெடுநேரம் ஓடி நின்றிருக்கவேண்டும். நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் மெசினின் நம்பர் தகட்டைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்பர் சரியாக இருந்தது. அவரைப் பொறுத்தவரை மெசினும் சரி.

விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார்கள். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"எல்லாம் சரி ஐயா. கரண்டி என்ன மாதிரி?"

பென்சன்காரர் கண்ணை மூடித் திறந்தார். "நான் ஆர் எண்டு கொக்குவிலிலை கேட்டுப் பாருங்கோ. என்ரை வாய்ச்சொல்லுத்தான் கரண்டி."

இலவசமாகக் கிடைத்த முதலாவது கரண்டி அது. அண்ணைக்குப் போதவில்லை. "வாய்ச்சொல்லெண்டால், அதைக் கோயில்லை வந்து சொல்லுவியளோ? கற்பூரம் கொளுத்தி?"

"தாராளமாச் சொல்லுவன். முன்னாலை பிள்ளையார் கோயில் கிடக்கு. இப்பவே போவம்."

"பிள்ளையார் வேண்டாம். வைரவர் கோயில்லை சொல்லுங்கோ."

அந்த இடத்தில் பென்சன்காரர் கண்ணை மூடியவர் திறக்கக் கொஞ்சம் நேரமெடுத்தார். பிள்ளையார் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எதையும் மன்னிப்பவர். வைரவர் அப்படியல்ல, அவர் சூலமும் நாயும் வைத்திருப்பது அழகுக்கல்ல என்று எல்லோருக்கும் தெரியும். "வைரவர் கோயில் தூரம். வெயிலுக்கை என்னாலை நடக்கேலாது," என்றார் அவர். இரண்டு கோயிலும் ஒரே ஒழுங்கையில் இருந்ததை நாங்கள் வரும்போது நானே கண்டேன்.

என் கணவர் தலையிட்டார். அவருக்குக் கற்பூரத்தில் நம்பிக்கையில்லை, முத்திரையில் மட்டுந்தான். "எழுத்திலை தாறதுதான் முறை. காலம், நிபந்தனை, ரெண்டு சாட்சி, கையெழுத்து," என்றார்.

பென்சன்காரர் இதற்குக் காத்திருந்தவர்போல உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். அது ஏற்கெனவே தட்டச்சில் அடித்துத் தயாராக இருந்தது. வாங்குபவரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னை வாசித்துச் சொல்லச் சொன்னார்கள். கணவருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டுவதுதான் கச்சேரி வழக்கம்.

வாசித்தேன். மெசினின் எஞ்சினுக்கு ஆறு மாதம் பொறுப்பு. அது முதல் வரி. மிச்சத் தாள் முழுவதும் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்பது. ரயருக்குப் பொறுப்பில்லை, பற்றறிக்குப் பொறுப்பில்லை, கிளச்சுக்கும் டீசல் பம்புக்கும் பொறுப்பில்லை. கல்லு நிலத்தில் உழுதால் பொறுப்பில்லை. குடாநாட்டில் கல்லில்லாத நிலம் கடல் மட்டுந்தான். கடலைப் பற்றியும் அவர் யோசித்திருந்தார். உப்புக் காற்றுக்குப் பொறுப்பில்லை. கடைசி வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். தண்ணீர், நெருப்பு, சேறு ஆகியவற்றால் வரும் எந்தப் பழுதுக்கும் பொறுப்பில்லை.

"சேத்துக்குப் பொறுப்பில்லாத உழவு மெசினோ?" என்று கேட்டேன்.

"அது வழமையா எல்லாத்திலையும் போடுறது," என்றார் பென்சன்காரர்.

"வழமைதான்," என்றார் என் கணவர். எந்த வழமை, எங்கே கண்டார் என்று நான் கேட்கவில்லை. வெளியாட்களுக்கு முன்னால் அவரை மடக்குவதில்லை என்று எனக்குள் ஒரு நிபந்தனை இருந்தது.

மூன்றாவதாக இன்னொரு வழியும் இருக்கிறதென்று பென்சன்காரர் சொன்னார். ரயில் கடவைக்குப் பக்கத்தில் ஒரு கராச். அங்கே அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன். வேண்டுமென்றால், தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, எப்போது பழுதென்றாலும் கரவெட்டிக்கே வந்து பார்ப்பான். பஸ் காசும் சாப்பாடும் எங்களுடையது.

அண்ணை வைரவரிலேயே நின்றார். கணவர் தாளிலேயே நின்றார். நான் ஒன்று சொன்னேன்: வாங்குவதற்கு முன்பு எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து மெசினைக் கழற்றிப் பார்க்கலாமே. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது.

"மரியாதையான மனிசன்ரை வீட்டிலை வந்திருந்து கொண்டு உப்பிடிக் கதைக்கிறதே, தங்கச்சி?" என்றார் அண்ணை. வைரவரைக் கொண்டு மனிசனை வெருட்டுவது மரியாதை. மெக்கானிக்கைக் கொண்டு மெசினைப் பார்ப்பது அவமரியாதை. எனக்குக் கணிதம் தெரியும், இந்த வாய்பாடு தெரியாது.

நல்லவேளை, அப்போது வீட்டுக்கார அம்மா வந்து, "பிள்ளை, உள்ளுக்கை வாருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்," என்று என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனார்.

மெலிந்த, படபடவென்று கதைக்கிற பெண். மலாயாவில் இருந்தபோது கதைக்க ஆளில்லாமல் சேர்த்துவைத்ததை எல்லாம் அன்றைக்குத்தான் அவிழ்க்கிறார் போலிருந்தது. கேத்தில் கொதிக்கிற நேரத்துக்குள் மகளின் பேறு, மருமகனின் இடமாற்றம், பக்கத்து வளவு வேலிச் சண்டை எல்லாம் முடிந்துவிட்டன. நான் குசினி யன்னலால் பார்த்தேன். வெளியே கிணறு. சுற்றுக்கட்டு பழையது, பாசி பிடித்தது; ஒரு பக்கம் மட்டும் நாலைந்து முழம் புதுச் சீமெந்து.

"கிணத்துக்கட்டு இடிஞ்சதோ அம்மா?" என்று சும்மா கேட்டேன்.

"ஏன் கேக்கிறியள் பிள்ளை! உந்த மெசின் எல்லே உதை இடிச்சுக்கொண்டு உள்ளுக்கை விழுந்தது! மூண்டு நாள் தண்ணிக்கை கிடந்தது. கப்பி கட்டி, பனங்குத்தி போட்டு, பத்துப் பன்ரெண்டு பேர் நிண்டு இழுத்தவை. பாருங்கோவன், காயவைச்சு ஒயில் மாத்தின உடனை ஸ்ரார்ட் எடுத்திட்டுது! என்ன மெசின் எண்டு நினைக்கிறியள்!"

மெசினைப் புகழ்வதாகத்தான் அவர் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், விறாந்தையில் என்ன பேச்சு நடக்கிறதென்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். கையிலிருந்த தேத்தண்ணி வடி அப்படியே நின்றது.

"நான் சொன்னதெண்டு இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை," என்றார் மெல்ல. "அண்டையிலையிருந்து எனக்கு உதைப் பாக்க நெஞ்சு இடிக்குது. எப்பிடியும் வளவை விட்டுப் போனால் காணும்."

நான் தேத்தண்ணித் தட்டோடு விறாந்தைக்கு வந்தேன். இந்த இடத்தில் ஒரு நேர்மையான பெண் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அண்ணையைக் கையைப் பிடித்து எழுப்பியிருப்பாள். நான் செய்யவில்லை. அந்த அம்மாவின் முகத்துக்காக என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது பாதிதான். நான் சொல்லியும் கேளாத இரண்டு ஆண்கள் கிணற்றில் கிடந்த மெசினைக் கொண்டுபோய்ப் படட்டும் என்ற ஒரு குரூரமும் எனக்குள் இருந்தது. காசில் பாதி எங்கள் வீட்டினது என்பது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆனால் ஒன்றைச் செய்தேன். தாளை எடுத்து, "இந்தத் 'தண்ணீர்' எண்ட சொல்லை வெட்டிவிடுங்கோ ஐயா," என்றேன்.

பென்சன்காரர் என்னைப் பார்த்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார். கண்ணை மூடவேயில்லை.

"ஏன் பிள்ளை?"

"சும்மாதான். மழை பெய்யிற ஊர்."

அவர் வெட்டவில்லை. அதற்குப் பதிலாக, மெக்கானிக்கைத் தனிக் காசில்லாமல் ஒரு வருஷத்துக்குத் தாளோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அண்ணை என்னை வியப்போடு பார்த்தார். நான் ஏதோ பெரிய பேரம் பேசிவிட்டேன் என்று நினைத்தார். வேலையாள் ஒருவர் போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

முப்பது வயதிருக்கும். ஒயில் படிந்த காற்சட்டை, சிவந்த கண். எங்கள் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் நேரே கொட்டிலுக்குள் போய் மெசினின் பக்கத்தில் நின்றான். பென்சன்காரர் ஒரு வருஷம் என்று சொன்னதும் அவன் தலையாட்டினான்.

"ஒரு வரியமெண்டு இல்லை. உது ஓடுமட்டும் நான் பாக்கிறன்," என்றான்.

அன்றைக்கு அந்த வளவில் கதைத்தவர்களில் மெசினைப் பார்த்துக் கதைத்தவன் அவன் ஒருவன்தான். அண்ணைக்கு இலவசம் பிடித்தது. கணவருக்குத் தாளும் கிடைத்தது. எனக்கு அந்த ஆளைப் பிடித்தது. இப்படி மூன்று பேரும் மூன்று காரணத்தால் ஒத்துப்போய், ஒரு சிவப்பு மெசினை வாங்கினோம்.

வீட்டுக்கு வந்த அன்று அதற்கு நடந்த வரவேற்பு எங்கள் கலியாணத்துக்கும் நடக்கவில்லை. சந்தனம், குங்குமம், மாலை. நாலு சில்லுக்கும் நசுக்கத் தேசிக்காய். ஊர்ச் சனம் முழுவதும் வந்து ஆளுக்கொருதரம் ரயரை உதைத்துவிட்டுப் போனது. கணவர் தாளைக் கோப்பில் போட்டு, வெளியே 'உழவு இயந்திரம்' என்று சிவப்பு மையில் எழுதினார்.

முதல் மழை பெய்து வயல் ஈரமான அன்று அண்ணை அதை இறக்கினார். நாங்கள் எல்லோரும் வரம்பில் நின்றோம். இரண்டு சுற்று நன்றாகத்தான் உழுதது. மூன்றாவது சுற்றில், வயலின் சரி நடுவில், ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. அண்ணை இறங்கி ரயரை உதைத்தார். பலனில்லை. கணவர் குடையோடு வீட்டுக்குப் போய்க் கோப்பைக் கொண்டுவந்தார். வரம்பில் நின்றபடியே கடைசி வரியை வாசித்தார்.

"இது சேறெல்லே," என்றார் கவலையோடு.

அவரைச் சுற்றி இரண்டு பரப்புக் காணி அளவுக்குச் சேறு கிடந்தது. மறுப்பதற்கு வழியில்லை.

யாழ்ப்பாணம் போகிற பஸ் கொண்டக்ரரிடம் சொல்லியனுப்பினோம்; கொக்குவில் ரயில் கடவையில் இறங்கிச் சொல்லிவிடச் சொல்லி. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மெக்கானிக் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினான். எந்த வரியையும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தான். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"தண்ணி கலந்திட்டுது ரீச்சர்," என்றான் என்னிடம். மற்ற இரண்டு பேரும் குடைக்குக் கீழே நின்றார்கள்.

அதன் பிறகு அவன் எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டான். கிழமைக்கு ஒருதரம், சில கிழமை மூன்று தரம். அவன் வருவான், இடியப்பம் சாப்பிடுவான், கழற்றுவான், பூட்டுவான், மெசின் ஓடும். அவன் பஸ் ஏறி நெல்லியடிச் சந்தி தாண்டுவதற்குள் மெசின் நின்றுவிடும். உதிரிப்பாகமும் கதவுக்கு வெளியேதான் நின்றதால், எங்கேயோ பழைய இரும்புக்குள் கிண்டியெடுத்து, கடைசல் பட்டறையில் கடைந்து, இதில் அதைச் செருகுவான். ஒரு வருஷம் முடிகிற நேரம் பென்சன்காரர் விற்ற மெசினில் மிஞ்சியிருந்தது பெரும்பாலும் அந்தப் பெயின்ற்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அதே வேடிக்கை. ஏதாவது பிடிக்கச் சொல்வான், பிடிப்பேன். பிடித்துக்கொண்டு சும்மா நிற்க எனக்கு வராது.

"இது ஏன் நிக்குது?"

"டீசல் குழாய்க்கை காத்துப் பிடிச்சிட்டுது ரீச்சர்."

"காத்து எப்பிடி உள்ளுக்கை போகும்?"

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் கேட்காத கேள்வியெல்லாம் நான் அவனிடம் கேட்டேன். அவன் சலிக்காமல் சொன்னான். இந்த ஆணியைத் தளர்த்து; இந்தப் பம்புக் கட்டையைக் கையால் அடி; குமிழி வரும், வரவிடு; குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது ஆணியை இறுக்கு. கணக்கைவிட இது நேர்மையான பாடமாக எனக்குப் பட்டது. சரியாகச் செய்தால் ஓடியது. பிழையாகச் செய்தால் ஓடவில்லை. அதற்குமேல் அதில் விளக்கம் சொல்ல எதுவுமில்லை.

வருஷம் முடிந்து இரண்டு மாதமும் போய்விட்டது. அவன் வருவதை நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாமர நிழலில் அவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையும். வருசம் முடிஞ்சுது. உமக்கு ஒருத்தரும் சம்பளம் தாறேல்லை. ஏன் இன்னும் வாறீர்?"

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"நான்தான் ரீச்சர் உதைக் கிணத்துக்கை விட்டனான்."

அந்த நாட்களில் அவன் அந்த வீட்டில் மெசின் ஓட்டுகிற வேலை பார்த்தவனாம். எரு ஏற்றின வண்டிப்பெட்டியைக் கொழுவுவதற்கு மெசினைப் பின்னுக்கு எடுத்தபோது கால் கிளச்சிலிருந்து வழுக்கி, கிணற்றுக்கட்டை இடித்துக்கொண்டு, மெசினோடு தானும் கிணற்றுக்குள் போனானாம். நீந்தத் தெரியாது. பாதையில் ரயில் போய்க்கொண்டிருந்ததால் கத்தினது ஒருவருக்கும் கேட்கவில்லை. குசினி யன்னலால் பார்த்த அந்த அம்மா மட்டும் ஓடிவந்து, கப்பிக் கயிற்றைக் கீழே விட்டு, மற்ற நுனியைத் தன் இடுப்பில் சுற்றிக் கப்பித் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம், ஆட்கள் வரும்வரை.

"கயிறு அறுத்த தழும்பு இப்பவும் அம்மாவின்ரை இடுப்பிலை கிடக்காம். ஐயா என்னைப் பேசேல்லை, பொலிசுக்கும் சொல்லேல்லை. 'உது இனி உன்ரை நோயாளி' எண்டு மட்டும் சொன்னவர். ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

நான் அந்த மெலிந்த உடம்பை நினைத்துப் பார்த்தேன். குசினியில் அத்தனை கதை சொன்னவர், இந்தக் கதையை மட்டும் சொல்லவில்லை. மெசினின் பெருமையைச் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"கிணத்திலை விழுந்ததெண்டு எனக்கு வாங்கேக்கையே தெரியும்," என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சுகொண்டோ வாங்கினனீங்கள்?"

அவனுடைய சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அன்று பின்னேரம் மனம் கேட்காமல் அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றேகால் வருஷமாக மறைத்தது பெரிய பிழை, பேசுவதென்றால் பேசுங்கோ என்றேன். அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"உது எனக்கு முதலே தெரியும், தங்கச்சி. அண்டைக்குப் போகேக்கை பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இருந்து வந்தவன் ஒருத்தன் சொன்னவன். கிணத்திலை விழுந்த மெசினெண்டபடியால்தான் அந்த விலைக்குத் தாறார். இல்லாட்டில் எங்களுக்கு எட்டுமே?"

"அப்ப ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"மச்சானுக்குத் தெரிஞ்சால் வாங்க விடாரெல்லே. உனக்குச் சொன்னால் நீ அவருக்குச் சொல்லுவாய்."

"பிறகேன் வைரவரைக் கொண்டு வெருட்டினனீங்கள்?"

"மனிசன் உண்மை சொல்லுதோ எண்டு பாத்தனான்," என்றார் அண்ணை. அந்த மனிசன் சொல்லாமல் விட்டதில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஆக, கிணறு எனக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரியும், பென்சன்காரருக்குத் தெரியும், பஸ்ஸில் வந்தவனுக்குத் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவரிடம் தாள் இருந்தது. நாங்கள் இருவரும் கலந்து பேசி, அவருடைய நிம்மதியைக் கெடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அவர் கோப்பை வருஷாவருஷம் தூசி தட்டி வைத்தார்.

எழுபதுகளின் கடைசியில் மெக்கானிக்குக்குக் குவைத் பக்கத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முதல் நாள் வந்து, மெசினை முழுக்கக் கழுவி, ஒயில் மாற்றி, எல்லா ஆணிகளையும் ஒருதரம் இறுக்கினான். அண்ணைக்குப் போய்வருகிறேன் என்றான். கணவரின் கையைக் குலுக்கினான். என்னிடம் வந்து, சாக்குக்குள்ளிருந்த, ஆணி கழற்றுகிற திறப்புகளில் ஆறேழைப் பொறுக்கி மேசையில் வைத்தான்.

"நீங்கள் பாப்பியள் ரீச்சர். மற்றவை உதைப்பினம்," என்றான்.

கொக்குவிலுக்குப் போய் அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தானாம். அம்மா அழுதாவாம். ஐயா கண்ணை மூடித் திறந்தாராம். அவ்வளவுதான்.

அதற்குள் ஆட்சி மாறிக் கதவு திறந்துவிட்டது. மலிவு மிளகாய் கப்பலில் வந்து இறங்கியது. எங்கள் மிளகாயின் ராச மரியாதை போயிற்று. புது மெசின்களும் இறங்கின. இருந்த காசை எல்லாம் திரட்டி அண்ணை ஒன்றை எடுத்தார். இந்தமுறை அவருக்கு வைரவரும் தேவைப்படவில்லை. மெசினோடு வழுவழுப்பான தாளில் அச்சடித்த கரண்டிப் புத்தகமே வந்தது. என் கணவர் அதை இரண்டு நாள் வாசித்து, அதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை என்று உறுதிப்படுத்தினார்.

முதல்தரம் நின்றபோது விற்றவர்களுக்கு ஆளனுப்பினோம். மெசினை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் கட்டாயம் பார்ப்போம் என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. ஓடாத மெசினை எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை என்று கணவர் பக்கம் பக்கமாகத் தேடிச் சொன்னார்.

இரண்டாந்தரம் நின்றபோது அண்ணை ஆளனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கே நேரே வந்தார். நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலெல்லாம் சேறு, வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, காத்துப் பிடிச்சிட்டுது போலை. ஒருக்கா வாறியே?"

"ரயரை உதைச்சுப் பாத்தனீங்களோ?"

"பாத்திட்டன்," என்றார் அவர், கேள்வியின் கிண்டல் புரியாமல்.

அதிபரிடம் குறுகிய லீவுக்குக் கடதாசி நீட்டினேன். காரணம் எழுதுகிற இடத்தில் 'உழவு மெசினுக்குள் காற்று' என்று எழுத எனக்கு ஆசைதான். 'குடும்ப அலுவல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திறப்புகளை எடுக்க வீட்டுக்குப் போனேன்.